கராச்சி - மும்பை: ஏழேகால் மணி நேரப் பயணத்தில் தொடங்கிய வரலாறு

புதுதில்லி: கராச்சிக்கும் மும்பைக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 880 கிலோமீட்டர்தான். மும்பையிலிருந்து சென்னைக்கோ தில்லிக்கோ செல்வதைவிடக் குறைவான தூரம் இது. ஜெட் விமானம் நேராகப் பறந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால், நேரடிச் சேவை நின்றுபோன காலங்களில், துபாய் போன்ற வளைகுடா நகரம் ஒன்றைச் சுற்றிக்கொண்டு மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தவர்கள் பலர். இடையில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு பகல் பொழுதே கழிந்துவிடும்.

1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி இதே தூரத்தை, அகமதாபாதில் ஒருமுறை இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு, ஒற்றை என்ஜின் கொண்ட சிறிய விமானத்தில் 28 வயது இளைஞர் ஒருவர் ஏழேகால் மணி நேரத்தில் கடந்தார். கையில் இருந்தது ஏறத்தாழ 25 கிலோ எடையுள்ள அஞ்சல் மூட்டை. ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாடா என்ற ஜே.ஆர்.டி. டாடாவின் அந்தப் பயணத்திலிருந்துதான் இந்தியாவின் வணிக விமானப் போக்குவரத்து தொடங்குகிறது. அவர் உருவாக்கிய நிறுவனத்தை அரசு எடுத்துக்கொண்டது. பிறகு அதே அரசு அவரையே அதன் தலைமையில் அமர்த்தியது. கால் நூற்றாண்டுக்குப் பின் ஒரு சொல் கூடக் கேட்காமல் வெளியேற்றியது. நாடாளுமன்றமும் மத்திய அமைச்சரவையும் சம்பந்தப்பட்ட வாழ்க்கை அது.

பிரெஞ்சுக் கடற்கரையில் பிறந்த ஆசை:

1904ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் தேதி பாரிஸ் நகரில் ஜே.ஆர்.டி. பிறந்தார். தந்தை ரத்தன்ஜி தாதாபாய் டாடா, டாடா நிறுவனங்களைத் தோற்றுவித்த ஜாம்ஷெட்ஜி டாடாவின் உறவினர். அவருடன் இணைந்து பணியாற்றியவர். தாய் சூசான் பிரியேர் பிரெஞ்சுக்காரர். பிரான்சிலும் பம்பாயிலும் ஜப்பானின் யோகோஹாமாவிலும் மாறி மாறிக் கழிந்தது இளமைப் பருவம். வீட்டில் பேசியது பிரெஞ்சு. ஆங்கிலத்தைப் பிற்பாடுதான் முறையாகக் கற்றார்.

பிரான்சின் வடக்குக் கடற்கரையில் ஹார்டலோ என்ற ஊரில் டாடா குடும்பத்துக்கு ஒரு விடுமுறை வீடு இருந்தது. அதே ஊரில் வீடு வைத்திருந்தவர் லூயி பிளேரியோ. 1909ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் தேதி ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதலாகக் கடந்தவர் அவர்தான். ஹார்டலோ மணற்பரப்பில் விமானங்கள் வந்து இறங்குவதைப் பார்த்து வளர்ந்த சிறுவனுக்கு விமானியாக வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. 15 வயதில் அங்கேயே கட்டணம் செலுத்தி முதல்முறையாக விமானத்தில் ஏறினார்.

பிரெஞ்சுக் குடிமகன் என்பதால் ஓராண்டு அந்நாட்டு ராணுவத்தில் கட்டாயப் பணி செய்ய நேர்ந்தது. பிறகு கேம்பிரிட்ஜில் பொறியியல் படிக்க விரும்பினார். தந்தை அழைப்பு விடுத்ததால் அது கைகூடவில்லை. 1925ஆம் ஆண்டு இறுதியில் பம்பாயில் டாடா நிறுவனத்தில் சம்பளமில்லாப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். மறு ஆண்டே தந்தை காலமானார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது என்பார்கள் நெருங்கியவர்கள்.

1929ஆம் ஆண்டு பிரெஞ்சுக் குடியுரிமையைத் துறந்தார். அதே ஆண்டு பிப்ரவரி 10ஆம் தேதி விமானம் ஓட்டும் உரிமம் கிடைத்தது. இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் உரிமம் அது. அதன் வரிசை எண் 1.

போட்டியில் தோற்ற பெருந்தன்மை:

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டிச் செல்லும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு பரிசு தருவதாக ஆகா கான் அறிவித்திருந்தார். 1930ஆம் ஆண்டு மூவர் களத்தில் இறங்கினர். மன்மோகன் சிங், ஆஸ்பி என்ஜினியர் ஆகியோருடன் மூன்றாமவர் ஜே.ஆர்.டி. ஆஸ்பி இங்கிலாந்திலிருந்து கராச்சியை நோக்கிப் பறந்தார். ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து எதிர்த்திசையில் மே 3ஆம் தேதி புறப்பட்டார்.

எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே அபுகிர் விமானத் தளத்தில் இருவரும் சந்தித்துக்கொண்டனர். ஆஸ்பியின் விமானம் ஸ்பார்க் பிளக் கெட்டுப்போய் நின்றுகொண்டிருந்தது. மாற்றுப் பிளக் வரும் வரை அவர் நகர முடியாது. தன்னிடம் கூடுதலாக இருந்ததை ஜே.ஆர்.டி. எடுத்துக் கொடுத்தார். சில மணி நேர வித்தியாசத்தில் ஆஸ்பி வென்றார். மன்மோகன் சிங் பயணத்தை முடித்தபோதும், விதித்த கால வரம்பைத் தாண்டிவிட்டதால் பரிசு கிடைக்கவில்லை.

17 வயதில் அந்தப் பரிசை வென்ற ஆஸ்பி என்ஜினியர்தான் 1960ஆம் ஆண்டு இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியானார். ஜே.ஆர்.டி.க்கு வேறொரு லாபம் கிடைத்தது. கராச்சியிலிருந்து பாரசீக வளைகுடா, பாக்தாத், எகிப்து வழியாக ஐரோப்பா செல்லும் பாதை முழுவதையும் அவர் தனியாகப் பறந்து பார்த்துவிட்டார். எங்கே இறங்கலாம், எங்கே பெட்ரோல் கிடைக்கும், வெயிலும் மணற்புயலும் என்ன செய்யும் என்பதெல்லாம் அவருக்கு நேரடி அனுபவமாயின.

கராச்சியோடு நின்ற அஞ்சல்:

லண்டனிலிருந்து கராச்சிக்கு விமான அஞ்சல் சேவையை பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் 1929ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் தேதி தொடங்கியது. ஐரோப்பாவின் ஒரு பகுதியை ரயிலில் கடக்க வேண்டியிருந்ததால் அந்தப் பயணத்துக்கு ஏழு நாள்கள் பிடித்தன. அஞ்சல் மூட்டை கராச்சிக்கு வந்து சேர்ந்த பிறகு, பம்பாய்க்கும் சென்னைக்கும் ரயிலில்தான் சென்றாக வேண்டும். ஆகாயத்தில் மிச்சப்படுத்திய நாள்களைத் தண்டவாளத்தில் இழப்பதாக இருந்தது நிலைமை.

இந்த இடைவெளியைக் கவனித்தவர் நெவில் வின்சென்ட். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, பிரிட்டிஷ் விமானப் படையில் பணியாற்றியவர். கராச்சியிலிருந்து அகமதாபாத், பம்பாய், பெல்லாரி வழியாகச் சென்னை வரை அஞ்சல் விமானம் விடும் திட்டத்தோடு அவர் டாடா நிறுவனத்தை அணுகினார். தேவைப்பட்ட முதலீடு 2 லட்சம் ரூபாய். அப்போதைய தலைவர் தோராப்ஜி டாடா தயங்கினார். நிறுவனத்தின் மூத்த அதிகாரி ஜான் பீட்டர்சன் பேசிச் சம்மதிக்க வைத்தார்.

தோராப்ஜியைவிட அதிகம் தயங்கியது தில்லியில் இருந்த ஆங்கிலேய அரசு. மானியம் எதுவும் தர முடியாது என்று கைவிரித்தது. பேச்சு மூன்று ஆண்டுகள் இழுத்தது. கடைசியில் மானியமே வேண்டாம், சுமக்கும் அஞ்சலின் எடைக்கேற்பக் கட்டணம் மட்டும் தந்தால் போதும் என்று டாடா தரப்பு இறங்கி வந்த பிறகே 1932 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மாட்சிமை பொருந்திய அரசுக்கு ஒரு காசும் செலவில்லாமல் நாட்டின் முதல் விமானச் சேவை கிடைத்தது என்பதுதான் இதன் பொருள்.

ஏழேகால் மணி நேரம்:

செப்டம்பரில் தொடங்க வேண்டிய சேவை மழை காரணமாக ஒரு மாதம் தள்ளிப்போனது. அக்டோபர் 15ஆம் தேதி காலை 6.35 மணிக்குக் கராச்சியின் டிரிக் ரோடு விமானத் தளத்திலிருந்து டி ஹாவிலண்ட் புஸ் மாத் விமானத்தில் ஜே.ஆர்.டி. கிளம்பினார். அந்தத் தளத்தில் பிரம்மாண்டமான ஆகாயக் கப்பல் கொட்டகை ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஆர்-101 என்ற ஆகாயக் கப்பல் லண்டனிலிருந்து வந்து இறங்குவதற்காக ஆங்கிலேய அரசு பெரும் செலவில் கட்டியது அது. அந்தக் கப்பல் 1930 அக்டோபரில், கராச்சிக்கான முதல் பயணத்திலேயே பிரான்சில் விழுந்து எரிந்துபோனது. கொட்டகைக்குச் செலவழிக்கப் பணம் இருந்த அரசிடம் அஞ்சல் விமானத்துக்கு மானியம் தரப் பணம் இல்லை என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

விமானத்தில் வானொலிக் கருவி கிடையாது. தரையிலிருந்து வழிகாட்ட எவரும் இல்லை. கண்ணும் திசைகாட்டியும்தான் துணை. மணிக்கு நூறு மைல் வேகம். அகமதாபாதில் இறங்கியபோது பெட்ரோல் தகரங்கள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன. பிற்பகல் 1.50 மணிக்கு பம்பாய் ஜூஹு திடலில் விமானம் தரையிறங்கியது.

சென்னைக்கான அஞ்சலைப் பெற்றுக்கொண்டு வின்சென்ட் மற்றொரு புஸ் மாத் விமானத்தில் பறந்தார். இரவில் பறக்க வழியில்லாததால் பெல்லாரியில் தங்கி, மறுநாள் சென்னை வந்து சேர்ந்தார். கராச்சி முதல் சென்னை வரை 2,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம், இடையில் ஓர் இரவுத் தங்கலோடு முடிந்தது. லண்டனில் எழுதிய கடிதம் விமானத்திலேயே சென்னை வரை வந்து சேர வழி பிறந்த நாள் அது.

நிறுவனத்தின் மொத்த பலம் இரண்டு விமானங்கள், மூன்று விமானிகள், மூன்று மெக்கானிக்குகள். ஜே.ஆர்.டி., வின்சென்ட் தவிர மூன்றாவது விமானி ஹோமி பருச்சா. ஜூஹு திடல் கடலோரச் சதுப்பு என்பதால் மழைக்காலத்தில் தண்ணீரில் மூழ்கிவிடும். அப்போதெல்லாம் மூட்டை முடிச்சுகளோடு புணேவுக்கு இடம் மாறிவிடுவார்கள். இவ்வளவு இடர்களுக்கு நடுவிலும் 1933ஆம் ஆண்டில் 1,60,000 மைல்கள் பறந்து, 155 பயணிகளையும் பத்து டன்னுக்கு மேற்பட்ட அஞ்சலையும் சுமந்து, 60,000 ரூபாய் லாபம் ஈட்டியது நிறுவனம். நேரம் தவறாமை அதன் பெயரானது. அரசின் விமானப் போக்குவரத்துத் துறையே அறிக்கையில் பாராட்டியது.

1935இல் பம்பாயிலிருந்து கோவா, கண்ணூர் வழியாகத் திருவனந்தபுரத்துக்கும், 1937இல் தில்லிக்கும் சேவைகள் விரிந்தன. மறு ஆண்டில் கொழும்பு வரை நீண்டது பாதை. 1938இல் ஜே.ஆர்.டி. 34 வயதில் டாடா குழுமத்தின் தலைவரானார். உருக்கு, மின்சாரம், ரசாயனம் என எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்ற பிறகும் விமான நிறுவனத்தின் மீதான பிடிப்பு தளரவில்லை. திட்டத்துக்கு மூலகாரணமான வின்சென்ட் 1942 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து திரும்பும் வழியில், அவர் பயணம் செய்த விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதில் உயிரிழந்தார். சுதந்திர இந்தியாவில் இந்நிறுவனம் பெற்ற புகழைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

பம்பாய் - லண்டன்:

1946ஆம் ஆண்டு ஜூலையில் டாடா ஏர்லைன்ஸ், ஏர் இந்தியா என்ற பொதுப் பங்கு நிறுவனமாயிற்று. நாடு விடுதலை பெற்ற சில மாதங்களில் ஜே.ஆர்.டி. புதிய யோசனை ஒன்றை அரசிடம் வைத்தார். வெளிநாட்டுச் சேவைக்குத் தனி நிறுவனம். அதில் அரசுக்கு 49 சதவீதம், டாடாவுக்கு 25 சதவீதம், எஞ்சியது பொதுமக்களுக்கு. விரும்பினால் மேலும் 2 சதவீதம் வாங்கிப் பெரும்பான்மையைக் கைப்பற்றிக்கொள்ளும் உரிமையும் அரசுக்கே. சில வாரங்களில் ஒப்புதல் கிடைத்தது. மத்திய அரசின் கோப்புகள் நகரும் வேகத்தை அறிந்தவர்களுக்கு இது வியப்பாகவே இருக்கும். அரசும் தனியாரும் கைகோத்த கூட்டு முயற்சி என்ற ஏற்பாட்டுக்கு முன்னோடி அந்நிறுவனம்.

1948ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் தேதி ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் மலபார் பிரின்சஸ் என்ற லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானம் பம்பாயிலிருந்து 35 பயணிகளோடு கிளம்பியது. கெய்ரோ, ஜெனீவா வழியாக ஏறத்தாழ 5,000 மைல்களைக் கடந்து 10ஆம் தேதி லண்டனில் இறங்கியது. பயணிகளில் ஜே.ஆர்.டி.யும் மனைவி தெல்மாவும் இருந்தனர். 1929இல் லண்டனிலிருந்து கராச்சி வரவே ஏழு நாள்கள் ஆகியிருந்த தூரத்தை, இந்தியக் கொடி தாங்கிய விமானம் மூன்றாவது தேதியில் முடித்துவிட்டது. 1960இல் போயிங் 707 ஜெட் விமானங்கள் வந்தபின் அது மணிக்கணக்காகச் சுருங்கியது. அதே ஆண்டு மே மாதம் நியூயார்க்குக்கும் சேவை தொடங்கியது. 1962இல் ஜெட் விமானங்களை மட்டுமே கொண்டு இயங்கும் முதல் நிறுவனம் என்ற பெயரை ஏர் இந்தியா பெற்றது.

வேகத்துக்குக் கொடுத்த விலையும் உண்டு. அதே மலபார் பிரின்சஸ் 1950 நவம்பரில் ஆல்ப்ஸ் மலையின் மான் பிளாங்க் சிகரத்தில் மோதி 48 பேர் மாண்டனர். 1966 ஜனவரியில் கஞ்சன்ஜங்கா என்ற போயிங் 707 விமானமும் அதே மலையில் மோதியது. இந்திய அணுசக்தித் திட்டத்தின் தந்தை ஹோமி பாபா அதில் உயிரிழந்தார். பாபாவின் கடிதத்தை ஏற்று 1945இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக வழி செய்தவர் ஜே.ஆர்.டி. தான் கட்டிய நிறுவனத்தின் விமானத்திலேயே நண்பர் மடிந்தது அவரை உலுக்கியது.

நாட்டுடைமையும் மனக்கசப்பும்:

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் விட்டுச்சென்ற டக்கோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு அரசு உரிமம் வழங்கியது. சந்தையோ அத்தனை நிறுவனங்களைத் தாங்கக் கூடியதல்ல என்று ஜே.ஆர்.டி. எச்சரித்தார். 1949இல் தகவல் தொடர்பு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் கொண்டுவந்த இரவு அஞ்சல் திட்டத்தையும் அவர் கடுமையாக எதிர்த்தார். நஷ்டத்தில் முடியும் என்பது அவர் வாதம். அமைச்சருக்கும் தொழிலதிபருக்கும் இடையே பகிரங்கமான சச்சரவே மூண்டது. உரிமங்கள் அளவுக்கு மீறி வழங்கப்பட்டிருப்பதை நீதிபதி ராஜாத்யக்ஷா குழுவும் 1950இல் சுட்டிக்காட்டியது. அதற்குள் பல நிறுவனங்கள் தள்ளாடத் தொடங்கிவிட்டன.

தீர்வாக அரசு தேர்ந்தெடுத்தது நாட்டுடைமை. 1952 நவம்பரில் அமைச்சர் ஜகஜீவன் ராமைச் சந்தித்தபோது, முடிவு எடுக்கப்பட்டுவிட்டது, இழப்பீடு பற்றி மட்டுமே பேச்சு என்பது ஜே.ஆர்.டி.க்குப் புரிந்தது. இத்துறையை அறிந்தவர்களிடம் ஒரு வார்த்தைகூடக் கலந்து பேசாததுதான் அவரது முதன்மையான மனக்குறை. நெருங்கிய நண்பரான நேருவிடமும் அதைச் சொன்னார். நேருவிடம் பொருளாதாரம் பேசத் தொடங்கினால் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார் என்று பிற்காலத்தில் ஜே.ஆர்.டி. நினைவுகூர்வதுண்டு.

நாடாளுமன்றம் நிறைவேற்றிய விமானக் கழகங்கள் சட்டப்படி 1953 ஆகஸ்ட் 1ஆம் தேதி இரண்டு அரசுக் கழகங்கள் பிறந்தன. உள்நாட்டு நிறுவனங்கள் எட்டும் இந்தியன் ஏர்லைன்ஸில் கரைந்தன. பின்னாளில் ஒரிசா முதல்வரான பிஜு பட்நாயக்கின் கலிங்கா ஏர்லைன்ஸும் அவற்றில் ஒன்று. வெளிநாட்டுச் சேவை ஏர் இந்தியா இன்டர்நேஷனலிடம் போயிற்று. அதன் தலைவர் பொறுப்பை ஏற்குமாறு ஜே.ஆர்.டி.யை அரசு கேட்டுக்கொண்டது.

வீட்டைப் பறித்துக்கொண்டு, அதே வீட்டைக் காக்கச் சொல்வதைப் போன்ற அழைப்பு. அவர் மறுத்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் ஏற்றுக்கொண்டார்; சம்பளம் பெறாமலே 25 ஆண்டுகள் தலைவராக இருந்தார். தானே பயணியாகச் சென்று குறிப்பெடுப்பார். திரைச்சீலையின் நிறம், பரிமாறும் தேநீரின் தரம், கழிப்பறையின் தூய்மை என எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கவுன்ட்டரில் தூசி தெரிந்தால் துணியை வாங்கித் தானே துடைத்த கதைகள் ஊழியர்களிடையே உலவின. டாடா குழுமத்தின் மற்ற நிறுவனங்களைவிட அரசுடைமையான இந்த நிறுவனத்துக்கே அவர் அதிக நேரம் செலவிடுகிறார் என்ற முணுமுணுப்பும் குழுமத்துக்குள் இருந்தது.

அரசியலில் அவரது நிலைப்பாடுகள் எல்லோருக்கும் உவப்பானவை அல்ல. ராஜாஜி தொடங்கிய சுதந்திரா கட்சிக்கும் டாடா குழுமம் நிதி வழங்கும் என்பதை 1961இல் நேருவுக்கே கடிதம் எழுதித் தெரிவித்துவிட்டுச் செய்தார். ஆளும் கட்சிக்கு மறைத்து எதிர்க்கட்சிக்குப் பணம் கொடுக்கும் வழக்கத்துக்கு நடுவே அது தனித்துத் தெரிந்தது. நாடாளுமன்ற முறையைவிட அதிபர் ஆட்சி முறையே இந்தியாவுக்கு ஏற்றது என்ற கருத்தும் அவருக்கு உண்டு. 1975இல் இந்திரா காந்தி அவசரநிலையைப் பிரகடனம் செய்தபோது அதை ஆதரித்தே பேசினார். வேலைநிறுத்தங்களும் போராட்டங்களும் ஓய்ந்ததைத் தொழிலதிபர் என்ற கோணத்தில் மட்டுமே அவர் பார்த்தார். சிறையில் அடைபட்டவர்களின் பக்கத்திலிருந்து பார்க்கத் தவறியது அவர் வாழ்வில் விழுந்த கறைதான்.

சிறையிலிருந்து வந்தவர்கள் 1977இல் ஆட்சிக்கு வந்தனர். 1978 ஜனவரி 1ஆம் தேதி, ஏர் இந்தியாவின் முதல் ஜம்போ ஜெட்டான எம்பரர் அசோகா மும்பையிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட சில நிமிடங்களில் கடலில் விழுந்து, அதில் இருந்த 213 பேரும் உயிரிழந்தனர். கருவிக் கோளாறும் அதனால் விமானிக்கு ஏற்பட்ட குழப்பமும் காரணமாகக் கூறப்பட்டன. அடுத்த மாதமே பிரதமர் மொரார்ஜி தேசாயின் அரசு ஜே.ஆர்.டி.யைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. ஓய்வுபெற்ற விமானப் படைத் தளபதி பி.சி. லால் அந்த இடத்துக்கு நியமிக்கப்பட்டார். டாடா குழுமத்திலேயே பணியில் இருந்த லால், தனக்கு வந்த அழைப்பைச் சொன்னபோதுதான் ஜே.ஆர்.டி.க்கு விஷயமே தெரிந்தது. அரசின் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. அணுசக்தி ஆணையத்திலிருந்தும் அவர் விலக்கப்பட்டார்.

நிர்வாக இயக்குநர் அப்புசாமி இதைக் கண்டித்துப் பதவி விலகினார். அப்போது ஆட்சியில் இல்லாத இந்திரா காந்தி, வருத்தம் தெரிவித்துத் தன் கைப்படக் கடிதம் எழுதினார். 1980இல் அவர் மீண்டும் பிரதமரானதும் ஜே.ஆர்.டி.யை இயக்குநர் குழுவில் உறுப்பினராகச் சேர்த்தார். தலைவர் பதவி திரும்பக் கிடைக்கவில்லை.

மீண்டும் அதே பாதை:

1962 அக்டோபர் 15ஆம் தேதி, முதல் பயணத்தின் 30ஆம் ஆண்டு நிறைவில், ஜே.ஆர்.டி. மறுபடியும் கராச்சியிலிருந்து மும்பைக்குத் தனியாகப் பறந்தார். புஸ் மாத் கிடைக்காததால் அதன் வழிவந்த லெப்பர்டு மாத் விமானம். 1932இல் இது ஒரே நாட்டுக்குள் நடந்த அஞ்சல் பயணம். 1962இல் இரண்டு அரசுகளின் அனுமதி தேவைப்பட்ட பன்னாட்டுப் பயணம். அடுத்த ஐந்து நாள்களில் சீனப் போர் மூண்டதால் நாட்டின் கவனம் இமயத்தின் பக்கம் திரும்பிவிட்டது.

1965 போரும் 1971 போரும் இந்தப் பாதையை மூடின. 1971க்குப் பிறகு இரு நாடுகளுக்கும் இடையே விமானங்கள் மீண்டும் பறக்க 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1982 அக்டோபர் 15ஆம் தேதி, 50ஆம் ஆண்டு நிறைவன்று, ஜே.ஆர்.டி. மூன்றாவது முறையாக அதே பாதையில் பறந்தார். அப்போது வயது 78. இருதயக் கோளாறு வேறு. மறுபடியும் லெப்பர்டு மாத், மறுபடியும் அகமதாபாதில் இறங்கல், மறுபடியும் ஜூஹு. நாட்டில் நம்பிக்கை வறண்டு வருவதாக வருந்திய அவர், இளைஞர்களுக்கு ஊக்கம் தருவதற்காகவே இதைச் செய்ததாக விளக்கினார்.

1992இல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. தொழிலதிபர் ஒருவர் உயிருடன் இருக்கும்போதே அந்த விருதைப் பெற்றது அபூர்வம். 1993 நவம்பர் 29ஆம் தேதி ஜெனீவாவில் 89ஆவது வயதில் காலமானார். நாடாளுமன்றம் அவருக்காக ஒத்திவைக்கப்பட்டது. அவையின் உறுப்பினர் அல்லாத ஒருவருக்கு அது அரிதாகக் கிடைக்கும் மரியாதை. பிறந்த பாரிஸ் நகரிலேயே, பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் எதிர்த்த 1953ஆம் ஆண்டுச் சட்டம், அவர் மறைந்து மூன்று மாதங்களில், 1994 மார்ச்சில் ரத்தானது. தனியார் விமானங்கள் மீண்டும் வந்தன. 2007இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைக்கப்பட்டன. நஷ்டமும் கடனும் பெருகின. 2021 அக்டோபரில் 18,000 கோடி ரூபாய்க்கு டாடா குழுமத்தின் ஏலம் ஏற்கப்பட்டது. அதில் ரொக்கம் 2,700 கோடி. மீதி, ஏற்றுக்கொண்ட கடன். 2022 ஜனவரி 27ஆம் தேதி நிறுவனம் கைமாறியபோது டாடா சன்ஸ் தலைவராக இருந்து அதைப் பெற்றுக்கொண்டவர் நாமக்கல் மாவட்டம் மோகனூரைச் சேர்ந்த என். சந்திரசேகரன்.

2025 ஏப்ரல் மாத இறுதியில், பஹல்காம் தாக்குதலைத் தொடர்ந்து, பாகிஸ்தானும் இந்தியாவும் தத்தம் வான்வெளியை மற்ற நாட்டு விமானங்களுக்கு மூடின. தில்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்லும் ஏர் இந்தியா விமானங்கள் அரபிக் கடல் பக்கமாகச் சுற்றிச் செல்ல நேர்ந்ததால் பயண நேரம் கூடியது. எரிபொருள் செலவும் கூடியது. அதே ஆண்டு ஜூன் 12ஆம் தேதி, 1932இல் மாட்டு வண்டியில் பெட்ரோல் வந்து சேர்ந்த அகமதாபாதிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் போயிங் 787 விமானம் சில விநாடிகளில் விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் உயிரிழந்தனர்.